கச்சேரி கேசட்டின் காலப்பிரமாணத்தைக் கோடாக வரைவது எப்படி

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் பழைய கச்சேரி கேசட்டுகள் அலமாரியில் தூங்கும் வீடுகள் உண்டு. காலப்பிரமாணம் என்பது தாளம் நடக்கும் வேகம். பாடகர் ஓடினாரா, நிதானமாகப் பாடினாரா என்று வாதாடுவதற்குப் பதில் வரைந்தே பார்த்துவிடலாம். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் உருவான சோனிக் விஷுவலைசர் என்ற ஒலி ஆய்வு மென்பொருள் இலவசம், அது போதும்.

முதலில் சுருதியைப் பாருங்கள். கேசட் டெக் வேகமாக ஓடினால் சுருதியும் ஏறும், காலமும் ஏறும். ஐந்து கட்டைச் சுருதியில் (கட்டை என்பது சுருதியின் உயர அளவு) பாடுபவர் ஐந்தரையில் கேட்டால் ஓட்டம் சுமார் 6 சதவீதம் கூடுதல். நிமிடத்துக்கு 72 அட்சரம் (தாள எண்ணிக்கை) என்று வருவது உண்மையில் 68. இதைத் திருத்தாமல் இரண்டு கேசட்டுகளை ஒப்பிட்டால், டெக்குகளைத்தான் ஒப்பிடுகிறீர்கள்.

கேசட்டிலிருந்து கணினியில் பதிவுசெய்த கோப்பைத் திறந்து 'டைம் இன்ஸ்டன்ட்ஸ்' லேயர் சேருங்கள். பாட்டை ஓடவிட்டு, சமம், அதாவது ஆவர்த்தனம் என்ற தாளச் சுற்றின் முதல் தட்டு, விழும்போதெல்லாம் செமிகோலன் விசையைத் தட்டுங்கள். சமத்தில் மட்டும். எட்டு அட்சரமுள்ள ஆதி தாள ஆவர்த்தனம் 7 வினாடி என்றால் ஓர் அட்சரம் 0.875 வினாடி. கை 0.03 வினாடி பிசகினால், அட்சரந்தோறும் தட்டியவருக்கு நிமிடத்துக்கான அட்சர எண் இரண்டுக்கு மேல் ஆடும். சமத்தில் தட்டியவருக்கு 0.3 தான். பாட்டு வரி தொடங்கும் இடமான எடுப்பில் தட்டிவிடாதீர்கள். பல்லவிக்கும் சரணத்துக்கும் எடுப்பு மாறினால் அந்த இடத்தில் கோடு பொய்யாகத் துள்ளும்.

புள்ளிகளை எல்லாம் தேர்ந்து நகலெடுத்து, புதிய 'டைம் வேல்யூஸ்' லேயரில் ஒட்டுங்கள். எதை மதிப்பாக வைப்பது என்று கேட்கும்; முந்தைய புள்ளியிலிருந்து கணக்கிடும் 'டெம்போ'வைத் தேர்ந்தெடுங்கள். வருவது நிமிடத்துக்கு எத்தனை ஆவர்த்தனம் என்ற எண்: 8.57 வந்தால், எட்டால் பெருக்க 68.6 அட்சரம். திடீரென 4.3 வந்தால் பாடகர் மேல் பழி வேண்டாம், ஒரு சமத்தைத் தவறவிட்டிருக்கிறீர்கள். அவ்வப்போது சேமித்துக்கொள்ளுங்கள்.

தட்டச் சோம்பி தானியங்கிப் பீட் கருவியை நம்பினால், அது மிருதங்கச் சொற்களை, அதாவது அடிகளை, துரத்தும். இரட்டிப்பு எண் கொடுக்கும், அட்சரத்தை மூன்றாகப் பிரிக்கும் திஸ்ர நடையில் இன்னும் குழம்பும். ஆலாபனையில் தாளமே இல்லை, அதை வெட்டிவிடுங்கள்.

கோட்டைப் படிக்கும்போது காலத்தையும் காலப்பிரமாணத்தையும் கலக்காதீர்கள். மேடையிலேயே கற்பனையாகப் பாடும் கல்பனாஸ்வரம் இரண்டாம் காலத்துக்கு, அதாவது அதே தாளத்தில் இரட்டிப்பு ஸ்வரங்களுக்கு, போனதும் காது 'வேகம்' என்னும். தாளம் மாறாததால் கோடு படுத்தே கிடக்கும். உண்மையான ஏற்றம் மெதுவாக, பல ஆவர்த்தனங்களில் வரும். மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கும் முன் இருந்த எண்ணையும், தனி முடிந்து பல்லவியை எடுக்கும்போது இருக்கும் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓடியது பாடகரா மிருதங்கமா என்பது அங்கே தெரியும்.