ஐப்பசி மழைக்கு முன் வீட்டுத் தண்ணீரைக் கவனிப்பது எப்படி

தாமிரபரணி பாயும் சீமைதான். ஆனாலும் எல்லாத் தெருவுக்கும் குழாய்த் தண்ணீர் தினமும் வருவதில்லை. குடம், அண்டா, சிமெண்டுத் தொட்டி, மாடியில் சின்டெக்ஸ் என்று பிடித்து வைத்துத்தான் புழங்குகிறோம். மழை மாதங்களில் ஆளைப் படுக்கப் போடும் டெங்கு, வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் பெரும்பாலும் இந்தத் தண்ணீர் வழியாகத்தான் வீட்டுக்குள் வருகின்றன. சத்து மாத்திரைக்குக் காசைக் கொட்டுவதைவிட, வாரம் ஒரு மணி நேரம் தொட்டி கழுவுவது உடம்புக்கு நல்லது.

கொசு: தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. நாம் குளிக்கப் பிடித்து வைத்த நல்ல தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, மறுபடி நனைந்ததும் பொரிக்கும். முட்டை கொசுவாகப் பறக்க எட்டு முதல் பத்து நாள் ஆகும். அதனால்தான் வாரம் ஒரு முறை என்பது கணக்கு. பத்து நாளைக்கு ஒரு முறை கழுவுகிறவர் கொசுவை வளர்த்து அனுப்பிவிட்டுக் கழுவுகிறார்.

தொட்டியை முழுக்க வடித்துவிட்டுத் தேங்காய் நாராலோ பிரஷ்ஷாலோ உட்சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும், முக்கியமாக வழக்கமாகத் தண்ணீர் நிற்கும் கோட்டுக்கு மேலே ஒரு சாண் வரை. பிறகு கழுவி, வெயிலில் காயவிட்டுப் பிடியுங்கள். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் பழைய வேட்டித் துணியை இழுத்துக் கயிறு போட்டுக் கட்டுங்கள். துணி நடுவில் தொய்ந்து தண்ணீரைத் தொட்டால் கட்டியதே வீண். சின்டெக்ஸின் மேல்மூடி உடைந்திருக்கிறதா, வழிந்தோடும் குழாயின் வாய் திறந்து கிடக்கிறதா என்று மாடியேறிப் பாருங்கள். அந்தக் குழாய் வாயில் நைலான் வலை கட்டினால் போதும்.

புறவாசலில் கிடக்கும் சிரட்டை, பழைய டயர், யாரும் அரைக்காத ஆட்டுரல், உடைந்த பிளாஸ்டிக் வாளி எல்லாவற்றையும் மழைக்கு முன்பே கவிழ்த்துவிடுங்கள். பலரும் மறப்பது பிரிட்ஜின் பின்னாலுள்ள தட்டு. இந்தக் கொசு அதிக தூரம் பறக்காது. உங்களைக் கடிப்பது உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ பிறந்ததுதான். அது கடிப்பதும் பகலில், காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்பும். ஆகவே பகலில் தூங்கும் கைக்குழந்தைக்கும் கொசுவலை வேண்டும். நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர்கள் குடிக்கட்டும், ஆனால் அது தொட்டியில் இருக்கும் முட்டையை ஒன்றும் செய்யாது.

குடிக்கிற தண்ணீர்

தண்ணீர் கொப்பளித்துக் கொதிக்க வேண்டும். கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டு இறக்கினால் போதும். வெதுவெதுப்பாகச் சுட்டு இறக்குவதும், சூடு ஆற வேண்டுமென்று பச்சைத் தண்ணீரைக் கலப்பதும் காய்ச்சாததற்குச் சமம். காய்ச்சிய தண்ணீர் கெடுவது பெரும்பாலும் டம்ளரோடு கைவிட்டு மொள்ளுவதால். குழாய் வைத்த பானை வாங்குங்கள், இல்லையென்றால் நீளக் காம்புள்ள கரண்டியைப் பானைக்கென்றே தனியாக வையுங்கள்.

மாடித் தொட்டிக்கு பிளீச்சிங் பவுடர் 1000 லிட்டருக்கு 4 கிராம், ஏறக்குறைய மட்டமாக ஒரு தேக்கரண்டி. தூளை அப்படியே தூவாதீர்கள். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல்தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். அடியில் தங்குவது சுண்ணாம்பு. ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். அப்போது லேசாக குளோரின் வாடை இருக்க வேண்டும். வாடையே இல்லையென்றால் தண்ணீரின் அழுக்கே குளோரின் அத்தனையையும் தின்றுவிட்டது, அல்லது பவுடர் பழையது. வாய் திறந்து கிடந்த பொட்டலம் வீரியம் இழந்திருக்கும். கழிவறை ஆசிட்டோடு இதைச் சேர்த்துவிடாதீர்கள், நச்சுப்புகை வரும்.

கிணற்றுக்குக் கணக்கு இப்படி: விட்டம் × விட்டம் × நீரின் ஆழம் × 785, எல்லாம் மீட்டரில். விட்டம் 3, ஆழம் 4 என்றால் சுமார் 28,000 லிட்டர். அதற்கு 115 கிராம் வரை பவுடர் பிடிக்கும். இரண்டு வாளியாகக் கரைத்து, தெளிவைக் கயிற்று வாளியில் இறக்கி, தண்ணீருக்குள்ளேயே மேலும் கீழும் ஆட்டிக் கலக்குங்கள். ராத்திரி போட்டால் காலையில் இறைக்கலாம்.

2023 டிசம்பர் வெள்ளம் போல ஊரே மூழ்கினால் கலங்கல் தண்ணீரில் இந்த மருந்து சரியாக வேலை செய்யாது. முதலில் தெளிய வேண்டும். பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரசி வைப்பது நல்ல பழைய வழிதான். ஆனால் அது மண்ணைத்தான் அடியில் படியவைக்கும், கிருமியைக் கொல்லாது. தெளிந்தபின் காய்ச்சத்தான் வேண்டும்.

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால்

ஓஆர்எஸ் பொட்டலத்தில் எழுதிய அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். பொட்டலம் இல்லையென்றால், ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து, கண்ணளவு வேண்டாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போனபின்பும் 50 முதல் 100 மில்லி, கொஞ்சம் கொஞ்சமாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். 24 மணி நேரம் கடந்த கரைசலைக் கொட்டிவிடுங்கள். மலத்தில் ரத்தம், குழிந்த கண், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

காய்ச்சலும் பிசான நெல் நடவும்

எந்தக் காய்ச்சலுக்கும் முதலில் பாரசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், புரூபன் வேண்டாம், டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டும். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் கண்டம். சூடு தணிந்தபின் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், ஒரே அசதி என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பிசானம் என்னும் நெல் பருவத்துக்கு வயலில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் என்று இன்னொன்று இருக்கிறது. எலி, மாடு இவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள வெடிப்பு, கீறல் வழியாக உள்ளே போகும். பூட்ஸ் போட்டுக்கொண்டு நடவுச் சேற்றில் நடக்க முடியாது. அதனால் புண்ணை நீர் புகாத பிளாஸ்திரியால் மூடி இறங்குங்கள், ஏறியதும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், வாய்க்கால் தண்ணீரில் வாய் கொப்பளிக்காதீர்கள். இறங்கிய ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் சேற்றில் வேலை செய்த விவரத்தை நீங்களே சொல்லுங்கள். பார்க்க வேண்டிய ரத்தப் பரிசோதனை அதைப் பொறுத்தது.