பிங் போகிறது, வேலை நடக்கவில்லை: தனியார் கிளவுடில் செய்யக்கூடாத தவறுகள்

எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த இருவர் போன வாரம் ஒரு வி.எம்.மோடு (சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினி) இரண்டு நாள் மல்லுக்கட்டினார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தால், ஏழு வருடம் முன்பு நான் சிக்கிய அதே இடம். ஐபி தப்பாக அடிப்பது, செக்யூரிட்டி குரூப்பில் (வி.எம்.முக்கான ஃபயர்வால் விதிகள்) எஸ்எஸ்ஹெச்சுக்கான 22-ஆம் போர்ட்டைத் திறக்க மறப்பது எல்லாம் அரைமணியில் தானாகவே பிடிபட்டுவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எம்டியூவை யாரும் பார்க்காமல் விடுவது

எம்டியூ என்பது ஒரு பாக்கெட் எத்தனை பைட் வரை இருக்கலாம் என்ற வரம்பு. ஓப்பன்ஸ்டாக்கில் (தனியார் கிளவுட் கட்டும் மென்பொருள்) வி.எம். நெட்வொர்க் பல இடங்களில் விஎக்ஸ்லேன் சுரங்கத்தில்தான் ஓடுகிறது. ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் 50 பைட் உறை ஏறும். கீழே உள்ள சுவிட்ச் 1500 மட்டும் தாங்கினால் வி.எம்.முக்கு 1450தான் மிச்சம். ஓப்பன்ஸ்டாக்கின் நெட்வொர்க் பகுதியான நியூட்ரான் இந்தக் கணக்கைத் தானே போட்டு, ஐபி கொடுக்கும் டிஹெச்சிபி வழியாக வி.எம்.முக்குச் சொல்லிவிடும்.

நாங்கள் வி.எம்.களுக்கு முழு 1500 வேண்டும் என்று சர்வர், சுவிட்ச் எல்லாவற்றையும் 9000-க்கு உயர்த்தியிருந்தோம். பிறகு ஒரு ரேக் கூடியது. அதன் சுவிட்ச்சை மட்டும் யாரும் தொடவில்லை, 1500-லேயே நின்றது. ஒரே ஹோஸ்டில் (வி.எம்.களைத் தாங்கும் சர்வர்) இருந்த வி.எம்.கள் ஒன்றோடொன்று நன்றாகப் பேசின. புது ரேக்கில் இருந்த வி.எம்.முக்கு பிங் போனது, டிஎன்எஸ் வந்தது, டேட்டாபேஸில் பத்து வரி கேட்டால் வந்தது, பத்தாயிரம் வரி கேட்டால் அப்படியே தொங்கியது. டேட்டாபேஸ்காரர்களை மூன்று நாள் குடைந்தோம். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

சாதாரண பிங் 84 பைட்தான், எந்தச் சந்திலும் நுழைந்துவிடும். பெரிய பாக்கெட்டை அந்த சுவிட்ச் சத்தமில்லாமல் கீழே போட்டது. ரவுட்டராக இருந்தால் ‘பெரிதாக இருக்கிறது’ என்று பதில் அனுப்பும், லேயர் 2 சுவிட்ச் அதைக்கூடச் செய்யாது.

அதனால் துண்டாக்கக் கூடாது என்ற கட்டளையோடு பிங் செய்யுங்கள். வி.எம்.மிலிருந்து வி.எம்.முக்கு 1472 பைட் (28 பைட் தலைப்பு சேர்ந்து 1500), ஹோஸ்டிலிருந்து ஹோஸ்டுக்கு 8972. ஒவ்வொரு ரேக்கிலிருந்தும் மற்ற ஒவ்வொரு ரேக்குக்கும் செய்ய வேண்டும். புது சுவிட்ச் மாட்டிய அன்றே செய்யுங்கள்.

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது அடுத்த கட்டத்தில்தான். காரணம் தெரியாமல், மாட்டிக்கொண்ட ஒரு வி.எம்.மில் மட்டும் எம்டியூவை 1400 ஆக்கி ‘சரியாகிவிட்டது’ என்று டிக்கெட்டை மூடுவார்கள். அடுத்த மாதம் அடுத்த வி.எம்., அடுத்த மூன்று நாள். போன வாரம் நான் பார்த்ததும் இதுதான்: 1400 என்று அடித்து என்டரைத் தட்டப் போகும்போது கையைப் பிடித்தேன்.

172.17-ஐ சப்நெட்டாக எடுப்பது

கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் தன் உள் பிரிட்ஜுக்கு இயல்பாக எடுப்பது 172.17.0.0/16. அதே எண்ணில் உங்கள் நெட்வொர்க்கும் இருந்தால், டாக்கர் ஓடும் வி.எம். பதிலைத் தன் பிரிட்ஜுக்குள்ளேயே அனுப்பிக்கொண்டிருக்கும்.

விஐபி வேலை செய்யவில்லை என்று போர்ட் செக்யூரிட்டியை அணைப்பது

விஐபி என்பது ஒரு வி.எம். விழுந்தால் இன்னொன்றுக்கு மாறும் பொது ஐபி. வி.எம். தனக்குக் கொடுக்காத முகவரியில் பேசாமல் போர்ட் செக்யூரிட்டி தடுக்கும், அதனால் விஐபியும் மாட்டிக்கொள்ளும். அணைத்தால் அந்த போர்ட்டில் செக்யூரிட்டி குரூப்பும் சேர்ந்தே போய்விடும். விஐபியை மாற்றிவிடும் கீப்அலைவ்டி-யின் அந்த முகவரியை அனுமதிக்கப்பட்ட முகவரிப் பட்டியலில் சேர்த்தால் போதும்.

எஸ்எஸ்ஹெச்சில் இருந்துகொண்டே ஹோஸ்டின் கார்டை பிரிட்ஜில் சேர்ப்பது

சேர்த்ததும் எஸ்எஸ்ஹெச் இணைப்பே அறுந்துபோகலாம். நெட்வொர்க் இல்லாமலும் உள்ளே போகக் கன்சோல் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள்.