ஓடியதையும் மோதியதையும் எழுதுவது எப்படி?

மாரத்தானோ ஜூடோவோ, களத்தில் நடந்ததை எழுத நினைத்தால் அன்றைக்கே குறிப்பெடுத்துவிடுங்கள். தூங்கி எழுந்தால் நினைவு தானாகவே கதையைச் சீர்படுத்திவிடும். தடுமாறிய இடமெல்லாம் திட்டமிட்டுச் செய்ததுபோலத் தோன்றும். எழுத முடியாத அளவுக்குக் களைப்பா? கைபேசியில் பத்து நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். வரிசை வேண்டாம். உடம்பில் எந்த இடம் முதலில் மக்கர் செய்தது, அப்போது மனதில் என்ன ஓடியது, காதில் என்ன விழுந்தது என்பவை இருந்தால் போதும்.

மறுநாள் அதைக் கைக்கடிகாரப் பதிவோடு ஒப்பிடுங்கள். 42.195 கிலோமீட்டரில் "25-லேயே முடிஞ்சு போச்சு" என்று உங்கள் குரல் சொல்லும். கிலோமீட்டர் வாரியாகப் பார்த்தால் வேகம் 31-இல்தான் விழுந்திருக்கும். மனம் கைவிட்ட பிறகும் கால் ஓடிய அந்த ஆறு கிலோமீட்டர்தான் கட்டுரை.

ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிக்காக இருவர் மோதுவதில், கடிகாரம் உதவாது. பதற்றத்தில் எந்த அடி முதலில் விழுந்தது என்பதே குழம்பிப்போகும். வீடியோ இருந்தால் பாருங்கள். இல்லையென்றால் எதிரே நின்றவரைக் கேளுங்கள். அவரைப் பற்றி எழுதப்போவதாகச் சொல்லி அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதிகாலையில் எழுந்து ஷூ மாட்டியதிலிருந்து ஆரம்பித்தால் வாசகர் பாதியிலேயே போய்விடுவார். ஏதாவது ஒரு முடிவெடுத்த கணத்தில் தொடங்குங்கள்: வேகத்தைக் குறைத்தது, பிடியை விட்டது. 800 சொல் கட்டுரையென்றால் 300 சொல்லாவது அந்தக் கணத்துக்கே போக வேண்டும்.

வலியை எழுதுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். "பயங்கர வலி" என்பதிலிருந்து வாசகருக்கு ஒன்றும் கிடைக்காது. எங்கே, எப்படி, எப்போது கூடியது என்று சொல்லுங்கள். "இறக்கத்தில் கால் ஊன்றும்போதெல்லாம் முட்டிக்கு மேலே தொடை சுருக்கென்று இழுத்தது, ஏற்றத்தில் அவ்வளவு இல்லை." கூடவே காரணம் ஒரு வரி: இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. கழுத்துப் பிடியும் அப்படித்தான். "மூச்சு வந்துகொண்டிருந்தது, ஆனால் பார்வை ஓரத்திலிருந்து இருண்டது" என்று எழுதினால், அழுத்தம் விழுந்தது மூச்சுக்குழாயில் அல்ல, கழுத்தின் இருபக்க ரத்தக்குழாய்களில் என்பது புரியும்.

நுட்பப் பெயரை முதல் தடவை செயலோடு சேர்த்துச் சொல்லுங்கள்: ஓ சோடோ காரி, எதிராளியின் எடையைக் குதிகாலில் சாய்த்து, அந்தக் காலை வெளிப்புறமிருந்து வாரி வீழ்த்துவது. பிறகு பெயர் மட்டும் போதும். எண்களில் உங்கள் முடிவை மாற்றியவை மட்டும் இருக்கட்டும். துடிப்பு 172-ஐத் தொட்டதும் நடக்கத் தொடங்கினீர்கள் என்றால் அது தேவை. சராசரித் துடிப்பு தேவையில்லை.

காயத்தோடு தொடர்ந்ததை எழுதினால், அதன்பின் எத்தனை வாரம் பயிற்சி நின்றது என்பதையும் அதே பத்தியில் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் புதிதாக வந்தவர் அதைப் படித்துவிட்டு அப்படியே செய்து பார்ப்பார்.