விட்டுப்போன பட்டப்படிப்பைத் தொடர விரும்புவோருக்கு

திருமணத்தாலோ வேலையாலோ படிப்பை நிறுத்தியவர்கள், கட்டணத்தை விசாரிப்பதற்கு முன் பழைய சான்றிதழ்களைத் தேடி எடுத்துவிடுவது நல்லது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் தந்தை பெயரின் முதலெழுத்தும் ஆதாரில் கணவர் பெயரும் இருந்தால், தொலைநிலைப் படிப்பில் சேரக் கட்டாயமான டெப் (பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு) அடையாள எண்ணைப் பெறும்போதே சிக்கல் எழக்கூடும். ஆகவே பெயர்த் திருத்தத்தை முதலில் முடித்துவிடுங்கள்.

வேலையை விடாமல் படிக்க இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் பலருக்கு ஏற்றவை. எங்கே சேர்வதானாலும், விரும்பும் பாடத்துக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி உண்டா என்பதை, முகவரின் பேச்சை நம்பாமல், குழுவின் இணையதளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளை முடிக்காமல் திறந்தநிலையில் பெறும் பட்டத்தைத் தமிழக அரசுப் பணிக்கு ஏற்பதில்லை என்பதால், டிஎன்பிஎஸ்சி எழுதும் எண்ணமுள்ளவர்கள் பன்னிரண்டாம் வகுப்பைத் தனித்தேர்வராகவேனும் முதலில் முடிக்க வேண்டும்.

இக்னோவின் மூன்றாண்டு இளநிலைப் பட்டத்தை முடிக்க 6 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. சேர்க்கை ஜனவரியிலும் ஜூலையிலும் நடைபெறுகிறது. பெரும்பாலான தாள்களில் 30 விழுக்காடு மதிப்பெண், வீட்டிலிருந்தே விடை எழுதிச் சமர்ப்பிக்கும் ஒப்படைப்புகளுக்கு உரியது. பலர் தடுமாறுவது தேர்வில் அன்று, இங்கேதான் என்பது என் கணிப்பு. பல ஆண்டுகள் பேனா பிடிக்காத கைக்கு, பக்கம் பக்கமாக எழுதுவதே முதல் பாரம். ஆகவே கடைசி வாரம்வரை தள்ளிப்போடாமல், பாடநூலின் ஓர் அலகைப் படித்தவுடனேயே அதற்குரிய விடையை எழுதி, சமர்ப்பிக்கும் முன் ஒரு நகலும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.