பழைய பிக்கப் டிரக்: புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வலப்பக்கக் கதவு மூடவில்லை. பூட்டுக்கு அரை விரல் தூரம் இருக்கும்போதே கீழ்மூலை தூணில் முட்டி நின்றது. முந்தைய நாள் வரை லேசாகத் தள்ளினாலே ‘டக்’கென்று மூடிக்கொண்ட கதவு அது. இடையில் நான் செய்தது ஒன்றுதான். கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர் பேனல் துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. அதை அறுத்தெடுத்துவிட்டுப் புதியதை வெல்டிங் செய்தேன். அறுப்பதற்கு முன் கதவு வாசலின் குறுக்கே ஓர் இரும்புக் குழாயைப் பற்றவைத்து முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. முட்டு இல்லாத கேபின் கால் அங்குலம் குறுகியது. குறுகிய நிலையிலேயே நான் அதைப் பற்றவைத்து இறுக்கிவிட்டேன். புது ராக்கரை மறுபடி அறுக்க வேண்டியதாயிற்று.

வண்டி 1970ஆம் ஆண்டின் செவர்லே சி10, அமெரிக்கப் பிக்கப். வெல்டிங் நன்றாகத்தான் இருந்தது, வரிசைதான் தவறு. இந்த வேலையில் பணத்தையும் மாதங்களையும் விழுங்குகிற தவறுகள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன: பின்னால் செய்ய வேண்டியதை முன்னால் செய்துவிடுகிறோம்.

வாங்கும் நாளில்

புதுப் பெயின்டில் பளபளக்கும் வண்டியைவிட, வெயிலில் வெளுத்து நிற்கும் வண்டியே எனக்கு நம்பிக்கை தருகிறது. புதுப் பெயின்டுக்கு அடியில், பள்ளத்தை நிரப்பும் பட்டி எத்தனை கனத்தில் அப்பியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு போங்கள். கேபினின் பின்பக்கக் கீழ்மூலைகள், ராக்கர், முன் மட்கார்டின் அடிப்பகுதி, முன் கண்ணாடிக்கு மேலே மழைநீர் ஓடும் விளிம்பு, கேபின் சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) உட்காரும் இடங்கள், இவற்றில் வைத்துப் பாருங்கள். காந்தம் பிடிக்காத இடத்தில் இரும்பு இல்லை, அல்லது அதன் மேல் பட்டி கனமாக இருக்கிறது. இவை பெரும்பாலும் இரண்டு தகடுகளுக்கு நடுவே வெற்றிடம் உள்ள பகுதிகள். தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழியில்லை. துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியில் ஒரு ரூபாய் அளவுக்குக் கொப்புளம் தெரிந்தால், உள்ளே கையளவு அரித்திருக்கும்.

அமெரிக்காவின் மிச்சிகன், ஒஹையோ போன்ற மாநிலங்களில் குளிர்காலத்தில் சாலையில் உப்பு கொட்டுகிறார்கள், அது இரும்பை அரித்துவிடும். அரிசோனா, நியூ மெக்சிகோ பக்கத்து வண்டிகளில் ரப்பரும் டேஷ்போர்டும் இருக்கையும் வெயிலில் பொரிந்துபோயிருக்கும், இரும்பு முழுசாக இருக்கும். ரப்பரையும் இருக்கையையும் விலைக்கு வாங்கிவிடலாம். வறண்ட மாநிலத்திலிருந்து வண்டியை ஏற்றிவரும் கூலியைப் பார்த்து மலைத்துவிட்டு, பக்கத்து ஊரில் மலிவாகக் கிடைத்த துருப்பிடித்த வண்டியை வாங்குவது ஆரம்பத் தவறுகளில் பெரியது.

ஆலை தகட்டில் பொறித்த வண்டி எண்ணையும் படித்துப் பாருங்கள். 1967 முதல் 1971 வரையிலான செவர்லே, ஜி.எம்.சி. பிக்கப்புகளில் முதல் எழுத்து சி என்றால் இரு சக்கர இழுவை, கே என்றால் நான்கு சக்கர இழுவை. இரண்டாம் எழுத்து எஸ் என்றால் ஆறு சிலிண்டர், இ என்றால் வி8, அதாவது எட்டு சிலிண்டர். என் வண்டியின் எண் சி.இ.140.எஃப். என்று தொடங்குகிறது: அரை டன் பிக்கப், 1970, ஃபிளின்ட் ஆலை. எண்ணில் எஸ் இருக்க, ‘ஆலையிலிருந்தே வி8’ என்று ஒருவர் சொன்னால் அந்த விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. பெயின்ட் அடிக்க வசதியாக இருக்குமென்று இந்த எண் தகட்டைக் கழற்றிவிடாதீர்கள். தகட்டைக் கழற்றி வைத்த வண்டி சட்டச் சிக்கலில் மாட்டும். பின்னால் விற்கவும் முடியாது. டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடித்தால் போதும். கையுறைப் பெட்டியின் மூடியையும் எறிந்துவிடாதீர்கள். அதன் உட்புறத்தில் ஒட்டிய தாளில், ஆலையில் என்னென்ன பொருத்தி அனுப்பினார்கள் என்ற பட்டியல் இருக்கிறது.

பிரிப்பதும் வெட்டுவதும்

முதல் சனிக்கிழமையே வண்டியைக் கடைசி நட்டு வரை பிரித்துவிடும் உற்சாகத்தை அடக்கிக்கொள்ளுங்கள். பாதியில் கைவிடப்பட்டு, அட்டைப் பெட்டிகளோடு விற்பனைக்கு வரும் வண்டிகள் எல்லாம் அப்படித் தொடங்கியவைதான். ஒரு பகுதியைப் பிரித்து, முடித்து, அடுத்ததற்குப் போங்கள். ஒவ்வொரு போல்ட் கூட்டத்தையும் தனிப் பையில் போட்டு, எந்த இடத்தது என்று எழுதுங்கள். கழற்றுவதற்கு முன் படம் எடுங்கள். கிளிப் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பது ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. உடைந்த பழைய பாகத்தைக்கூட, புதியது வந்து பொருந்தும் வரை வைத்திருங்கள். சி10க்கு இன்று ஏறக்குறைய எல்லாத் தகடும் புதிதாகக் கிடைக்கின்றன, ஆனால் ஓட்டைகள் சில மில்லிமீட்டர் தள்ளியிருக்கும். ஒப்பிட்டுப் பார்க்கப் பழையது வேண்டும்.

மணலை வேகமாக வீசித் துருவையும் பெயின்டையும் எடுக்கும் மணல் வீச்சுக்குச் சேசிஸைத் தாராளமாக அனுப்புங்கள். பானெட், கூரை, கதவின் வெளித்தகடு ஆகியவற்றை அனுப்பாதீர்கள். அகலமான தட்டைத் தகட்டில் மணல் வேகமாக அறைந்தால் தகடு நீண்டு அலை அலையாக நெளிந்துவிடும். அதை நிமிர்த்துவது தேர்ந்த டிங்கருக்கே தலைவலி. அங்கே பெயின்ட் ரிமூவரும் பொறுமையும்தான் வழி. பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. உலர்ந்த நிலையில் தேய்க்காமல் ஈரத்தில் தேய்த்து, முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். பழைய டிரம் பிரேக்கில் இருக்கும் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றுக் குழாயால் ஊதவே கூடாது.

வெல்டிங்கில் ஒரே மூச்சில் நீளக் கோடு போட்டால் மெல்லிய தகடு சுருங்கி இழுத்துக்கொள்ளும். புள்ளி புள்ளியாக, இங்கே ஒன்று, எதிர்முனையில் ஒன்று, தகடு கைபொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் அடுத்தது என்று வையுங்கள். வாங்கிய பேனலின் அளவுக்கு நல்ல இரும்பை வெட்டாமல், துருவின் அளவுக்குப் பேனலை வெட்டுங்கள். வெட்டுவதற்கு முன் முட்டுக் கொடுப்பதை மேலேயே சொல்லிவிட்டேன்.

இங்கே உயிர் சம்பந்தப்பட்ட ஒன்று இருக்கிறது. குளோரின் கலந்த பிரேக் கிளீனரை அடித்துத் துடைத்த இடத்தில் வெல்டிங் செய்யாதீர்கள். வெல்டிங் ஒளியிலும் சூட்டிலும் அந்தத் திரவத்தின் ஆவி பாஸ்ஜீன் வாயுவாக மாறும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொன்ற அதே வாயு. டப்பாவில் ‘குளோரின் இல்லாதது’ என்று போட்டிருப்பதை வாங்குங்கள். அதையும் முழுக்க உலர விட்ட பிறகே பற்றவையுங்கள்.

பட்டி கெட்ட வார்த்தை அல்ல. சமன்செய்த தகட்டின் மேல் மூன்று மில்லிமீட்டருக்குள் பூசினால் பல ஆண்டு நிற்கும். ஓட்டையை மூடப் பூசினால்தான் அடுத்த மழைக்காலத்தில் உதிரும்.

பெயின்டுக்கு முன் ஒருமுறை முழு வண்டி

பெயின்ட் அடித்த பிறகு கதவையும் மட்கார்டையும் பொருத்தி இடைவெளி சரிபார்ப்பது மிகப் பரவலான தவறு, அதிகம் வலிக்கும் தவறும் அதுதான். எல்லாவற்றையும் வெறும் இரும்பாகவே ஒருமுறை முழுசாகப் பூட்டுங்கள். கேபினுக்கும் சேசிஸுக்கும் இடையிலுள்ள ரப்பர்களை முதலில் புதிதாக மாற்றுங்கள். பழைய ரப்பர் மூலைக்கு மூலை வெவ்வேறு உயரத்தில் அமுங்கியிருக்கும். அதன் மேல் சரிசெய்த இடைவெளி, புது ரப்பர் போட்டதும் மாறிவிடும். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஏறியபின், வண்டி ஜாக்கியில் அல்லாமல் சக்கரங்களின் மேல் தரையில் நிற்கும்போது கதவு இடைவெளியைப் பாருங்கள். பாரம் ஏறியதும் சேசிஸ் சற்று வளையும். எல்லாம் பொருந்திய பிறகு பிரித்து, பெயின்ட் அடித்து, மறுபடி பூட்டுங்கள். இரட்டை வேலையாகத் தோன்றும். பெயின்ட் அடித்த கதவின் விளிம்பில் கிரைண்டர் வைத்த கைகளுக்கு அப்படித் தோன்றாது.

வேகத்துக்கு முன் நிறுத்தம்

1999 முதல் செவர்லேயின் தாய் நிறுவனமான ஜி.எம். டிரக்குகளில் வந்த 5.3 லிட்டர் வி8 பழைய உதிரிக் கடைகளில் ஏராளமாகக் கிடைக்கிறது. அதை சி10இல் ஏற்றுவது இன்று சகஜம். அதிக வேகம் போகும் வண்டியை நான்கு டிரம் பிரேக்குகளோடு சாலைக்கு அனுப்புவதும் சகஜமாகிவிட்டது என்பதுதான் எனக்குப் பயம். சி10இல் முன்பக்க டிஸ்க் பிரேக் 1971இல்தான் ஆலைத் தரமாக வந்தது. அந்த 1971, 72 முன்பக்கப் பாகங்களைப் பழைய வண்டிக்கு மாற்றலாம், நல்ல வழி. ஆனால் அந்த ஆண்டுகளில் சக்கரத்துக்கு ஐந்து போல்ட். அதற்கு முன் ஆறு. பின் ஆக்சிலை மறந்தவர் முன்னே ஐந்தும் பின்னே ஆறுமாக நிற்பார், ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் பொருந்தாது.

டிஸ்க் போட்டுவிட்டு, மிதித்ததும் பிரேக் எண்ணெயைக் குழாயில் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை மட்டும் டிரம் காலத்ததாகவே விட்டுவைப்பது அடுத்த தவறு. டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டர் குழாயில் எப்போதும் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும். டிஸ்க்கில் அந்த அழுத்தம் பேடை விடாமல் உரசவைத்துச் சூடாக்கும். பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் வால்வும் கட்டாயம். பிக்கப்பில் பாரம் இல்லாதபோது பின்பக்கம் மிக லேசு. ஈரச் சாலையில் அழுத்தி மிதித்தால் பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும். 1947இல் வந்த செவர்லே 3100 போன்ற வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் மிதிபலகைக்குக் கீழே, சக்கரத்தில் பேடை அழுத்தும் காலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கும். அங்கே டிஸ்க் போட்டால் எண்ணெய் பின்வாங்கி, முதல் மிதி வெறுமையாகப் போகும். அதற்கு மட்டும் சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு அழுத்தம் தேக்கும் சிறு வால்வு வேண்டும்.

எரிபொருளிலும் கவனம். பழைய கார்ப்யுரேட்டருக்குச் சதுர அங்குலத்துக்கு 5 முதல் 7 பவுண்டு அழுத்தம் போதும், அந்த 5.3 எஞ்சினுக்கு 58 பவுண்டு அளவில் வேண்டும். பழைய ரப்பர் குழாயில் அந்த அழுத்தத்தை ஏற்றாதீர்கள். 1972 வரை சி10இன் பெட்ரோல் தொட்டி இருக்கைக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கிறது. வேறெந்த மாற்றத்துக்கும் முன் அந்தத் தொட்டியை வெளியே, பின்பக்கச் சேசிஸ் சட்டங்களுக்கு நடுவே கொண்டுபோவதையே நான் முதலில் செய்வேன்.

வண்டியைத் தாழ்த்த விரும்புகிறவர்கள் ஸ்பிரிங்கைச் சூடாக்கி அமுக்கும் குறுக்குவழியை விட்டுவிடுங்கள். சூடுபட்ட எஃகு தன் தன்மையை இழக்கும். சி10இன் பின் ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் தண்டு, தாழ்த்தியதும் ஆக்சிலை ஒருபக்கமாகத் தள்ளும். நீளம் மாற்றக்கூடிய தண்டு போடாவிட்டால் ஒரு பக்க டயர் மட்டும் வெளியே துருத்தும்.

எலக்ட்ரிக்கல் வேலையில் ஒன்றே ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு வார இறுதிகளை அது தின்றது. ஹெட்லைட் மங்கியது, எரிபொருள் முள் தாறுமாறாக ஆடியது, செல்ஃப் மோட்டார் முனகியது. வயரிங் முழுதும் புதிது. காரணம், சேசிஸுக்கு நான் ஆசையாக அடித்த பவுடர் கோட்டிங். எர்த் வயர் உட்காரும் இடங்களிலும் அது மூடிக்கொண்டு மின்சாரத்தைத் தடுத்தது. எஞ்சினிலிருந்து சேசிஸுக்கு, சேசிஸிலிருந்து கேபினுக்கு என்று ஒவ்வோர் இடத்திலும் நாணயமளவு இரும்பைச் சுரண்டித் துலக்கியதும் எல்லாம் ஒரே நாளில் சரியாயிற்று. 1955 வரையிலான ஃபோர்டு எஃப்-100இல் மின்சாரம் 6 வோல்ட், பாசிட்டிவ் முனைதான் எர்த். பழக்கத்தில் நெகட்டிவை எர்த்தாக மாட்டிவிடாதீர்கள்.

உப்புத்தாளைக் கையில் எடுப்பதற்கு முன்

பழைய பெயின்டை வைத்திருப்பதா, புதிதாக அடிப்பதா என்பதைக் கடைசியில் முடிவுசெய்ய முடியாது. ஆலை அடித்த பெயின்ட் ஒருமுறைதான். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். இரவில் டார்ச்சைத் தகட்டோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். நான் அதைச் செய்யாமலே இடக்கதவில் உப்புத்தாளை வைத்தேன். நாலைந்து இழுப்பில், வெளுத்த பச்சைக்கு அடியிலிருந்து கையால் எழுதிய வெள்ளை எழுத்துகளின் வால்கள் தெரிந்தன. ஏதோ ஒரு பண்ணையின் பெயர், அதன் கீழே ஊர். முதல் மூன்று எழுத்துகளை நான் ஏற்கெனவே தேய்த்து அழித்துவிட்டிருந்தேன். வேலையை அங்கேயே நிறுத்தினேன். அந்தக் கதவுக்கு இப்போது மெழுகு மட்டும் பூசுகிறேன், ஆண்டுக்கு இருமுறை.