சிறிய மொழிகளின் வாய்மொழிப் பாடலைத் தமிழுக்குக் கொண்டுவருவது எப்படி?

உங்கள் கையில் இருக்கும் பிரதி எத்தனை கை மாறி வந்தது என்பதை முதலில் பாருங்கள். சிறுபான்மை இனங்களின் இலக்கியம் என்று தமிழில் வருவதில் பெரும்பாலானது ஆங்கிலம் வழியாக வருகிறது. அந்த ஆங்கிலமும் ஜப்பானியம், ரஷ்யன், சீனம் என்று வேறொரு பெரிய மொழியிலிருந்து வந்திருக்கும். அதைக் குறையாகச் சொல்லவில்லை. வட ஜப்பானின் பழங்குடி மொழியான அய்னுவைக் கற்ற பிறகுதான் அய்னுப் பாடலைத் தொடலாம் என்றால், தமிழில் ஒரு வரிகூட வராது. ஆனால் இடைமொழியை மட்டும் நம்பி உட்காராதீர்கள். ரோமன் எழுத்திலோ ஒலிப்பதிவிலோ மூலம் பக்கத்தில் இருந்தால்தான் நான் வேலையை ஒப்புக்கொள்வேன். அர்த்தம் புரியாவிட்டாலும், எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது, வரி எங்கே முடிகிறது என்று கண்ணும் காதும் சொல்லிவிடும்.

பழகிக்கொள்ள நல்ல நூல் ஒன்று உண்டு. சிரி யுகியே என்ற அய்னுப் பெண் தன் பாட்டியிடமும் பெரியம்மாவிடமும் கேட்டு வளர்ந்த பாடல்களில் 13ஐத் தொகுத்தார். ஒரு பக்கம் ரோமன் எழுத்தில் அய்னு, எதிர்ப்பக்கம் அவரே செய்த ஜப்பானிய மொழிபெயர்ப்பு. 1922இல், 19 வயதில் இறந்துபோனார். நூல் மறு ஆண்டு வெளிவந்தது. அதன் முதல் பாட்டு இப்படித் தொடங்கும்:

சிரோகானிபே ரன்ரன் பிஷ்கன்
கொன்கானிபே ரன்ரன் பிஷ்கன்

வெள்ளித் துளிகள், பொன் துளிகள் சுற்றிலும் விழுகின்றன. அவ்வளவுதான் சேதி. இதை எடுத்தவுடன் கை பரபரக்கும். ‘எங்கணும் வெள்ளிமழை பொழிய, பொன்மாரி சொரிய’ என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். மூலத்தில் இரண்டு வரிக்கும் வினை ஒன்றே, இடம் ஒன்றே. மாறுவது முதல் சொல் மட்டும். ‘பொழிய’, ‘சொரிய’ என்று பிரித்துவிட்டால் தாலாட்டுப்போல ஆடும் அந்த அசைவு போய்விடும். ‘ரன்’ என்றால் விழுதல். அது இரட்டித்து வருகிறது. ஆங்கிலத்தில் இதற்குச் சிரமப்பட வேண்டும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை:

வெள்ளித் துளி விழ விழச் சுற்றிலும்
பொன்னின் துளி விழ விழச் சுற்றிலும்

என் முதல் விதி இது: மூலத்தில் திரும்ப வருவது தமிழிலும் திரும்ப வரவேண்டும், அதே சொல்லாக. ஒரே சொல்லைப் பக்கத்தில் பக்கத்தில் போடாதே என்று உரைநடையில் நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தை இங்கே மறந்துவிடுங்கள். நீலகிரித் தோடர் பாடல்களைப் பாருங்கள். 1930களில் மொழியியலாளர் மரே எமனோ அங்கே தங்கிக் கேட்டு எழுதியவை 1971இல் பெரிய நூலாக வந்தன. மூன்று அசை கொண்ட சின்னச் சின்னத் தொடர்கள். எதைச் சொன்னாலும் இணையாக இன்னொன்றையும் சேர்த்தே சொல்வார்கள். எருமை, ஊர், ஆள் எல்லாமே ஜோடி ஜோடியாக வரும். ‘இரண்டாவது பாதி கூறியது கூறல்தானே, வெட்டிவிடலாமே’ என்று கேட்ட பதிப்பாசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். வெட்டினால் மிஞ்சுவது செய்திக்குறிப்பு. பக்கம் அதிகமாகிறதென்றால் ஒரு பாட்டை முழுதாக எடுத்துவிடுங்கள், பாட்டுக்குள் கை வைக்காதீர்கள்.

பல்லவிக்கும் இதே கதிதான். அய்னு தெய்வப் பாடல்களில் பாடும்போது இடையிடையே ஓர் ஒலித்தொடர் வந்துகொண்டே இருக்கும். அச்சில் அது தலைப்போடு நின்றுவிடும். நரி பாடும் பாட்டுக்கு ‘தோவா தோவா தோ’. இதற்கு அர்த்தம் தேடி அலையாதீர்கள். ஒலியாகவே வைத்து, தமிழ்ப்பிரதியில் அங்கங்கே திரும்பக் கொண்டுவாருங்கள்.

அடுத்தது, பேசுவது யார்? நான் எந்த வரைவையும் என் அத்தைக்கு உரக்கப் படித்துக் காட்டுவேன். அவளுக்கு எழுத்து தெரியாது, பாட்டு தெரியும். வெள்ளித் துளிப் பாட்டைப் படித்தபோது நடுவில் நிறுத்தி, “இருடா, இதுல நான் நான்னு சொல்றது யாரு?” என்றாள். சரியான கேள்வி. பாடுவது ஆந்தைத் தெய்வம், ஊரைக் காக்கும் தெய்வம். ஏழைச் சிறுவன் ஒருவனின் சாதாரண மர அம்பைத் தானாக ஏற்று விழுகிறது. விழுந்த பிறகும் கதை ‘நான்’ என்றே போகிறது. தன் உடம்பின் இரண்டு காதுகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு ஆந்தை பேசுகிறது. தமிழில் வினைமுற்றே ஆளைக் காட்டிவிடும் என்பதால் ‘நான்’ஐ விட்டுவிடுவது நம் பழக்கம். இங்கே விடக்கூடாது. ஆந்தை என்றாலே அபசகுனம் என்று பழகிய வாசகருக்கு இது காவல் தெய்வம் என்பதை முன்னுரையிலேயே நாலு வரியில் சொல்லிவிடுங்கள். அடிக்குறிப்பில் போட்டால் ஒருவரும் படிக்கமாட்டார்கள்.

அச்சில் வராத பாட்டை நீங்களே பதிவு செய்வதாக இருந்தால், பாடச் சொல்லிப் பதியுங்கள், நிறுத்தி நிறுத்திச் சொல்லச் சொல்லி எழுதாதீர்கள். மத்திய ஆசியாவின் கிர்கிஸ் மக்களின் மனாஸ் காவியத்தை எழுதி எடுத்த மொழி அறிஞர் ராத்லோஃப், எழுதுபவருக்காக மெதுவாகச் சொல்லும்போது பாடகர் இழையை விட்டுவிடுகிறார் என்று 1885இலேயே குறித்துவைத்தார். இன்று நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். பிறகு ஈலான் என்ற இலவச மென்பொருளில் ஒலியோடு வரி வரியாகப் பொருத்துங்கள். ஒரு வரிக்கு மூன்று அடுக்கு: கேட்டபடி ஒலி, சொல்லுக்குச் சொல் பொருள், பிறகு தமிழ். நடு அடுக்கை அந்த மொழிக்காரர் ஒருவரோடு உட்கார்ந்து நிரப்ப வேண்டும். அதற்குத்தான் நாள் பிடிக்கும். மூன்றாவது அடுக்கு தானாக வரும். மூச்சு விடும் இடத்தில் வரியை முடியுங்கள், இலக்கணம் முடியும் இடத்தில் அல்ல.

எழுத்து விஷயத்தில் தமிழ் சில மொழிகளுக்கு வாகானது, சிலவற்றுக்கு இல்லை. அய்னுவில் ka என்றாலும் ga என்றாலும் பொருள் மாறாது என்பதால் நம் எழுத்தே போதும். தோட மொழியில் உரசொலிகள் ஏராளம். ஆய்த எழுத்தைப் போட்டு ஒப்பேற்றினாலும் பாதிதான் தேறும். கிழக்கிந்தியப் பழங்குடி மொழியான சந்தாலிக்கு ரகுநாத் முர்மு 1925இல் உருவாக்கிய ஒல் சிக்கி என்ற எழுத்துமுறை 30 எழுத்துகளோடு இருக்கிறது, 2008இல் யூனிகோடிலும் சேர்ந்துவிட்டது. அந்த மக்கள் தங்களுக்கென்று எழுத்து வைத்திருந்தால் மூலத்தை அதிலேயே அச்சிடுங்கள். ‘படிக்க யார் இருக்கிறார்கள்’ என்ற பேச்சை எடுக்காதீர்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எந்தத் தமிழில் எழுதுவது? செந்தமிழாக்கினால் சங்கப்பாட்டின் நகல் மாதிரி ஆகிவிடும். இன்னொரு பக்கம், காட்டுவாசி என்றாலே கொச்சையாகத்தான் பேசுவார் என்று எண்ணிக்கொண்டு வட்டார வழக்கை அள்ளிப் பூசுபவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். தங்கள் மொழியில் இந்தப் பாடல்கள் பெரும்பாலும் அன்றாடப் பேச்சைவிட உயர்ந்த, பழைய நடையில் இருப்பவை. எளிய சொல், ஆனால் சற்று நிமிர்ந்த நடை. வீட்டில் பெரியவர் ஒருவர் நிதானமாகக் கதை சொல்லும் தமிழ் போதும்.

கடைசியாக உரிமை. ‘நாட்டார் பாட்டுதானே, பொதுச்சொத்து’ என்பது சோம்பேறி வாதம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 38ஆம் பிரிவின்படி பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டுக்கு உண்டு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். சாவுக்கும் சடங்குக்கும் மட்டும் பாடுபவை, வெளியாருக்குச் சொல்லக்கூடாதவை இருக்கலாம். பதிவுக்கு முன்பே கேளுங்கள். ‘வேண்டாம்’ என்றால் கருவியை அணைத்துவிடுங்கள். சம்மதத்தை அவர்கள் மொழியிலேயே ஒலியாக வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். புரியாத தாளில் கைநாட்டு வேண்டாம். அட்டையில் பாடியவர் பெயர் மேலே, உங்கள் பெயர் கீழே. ராயல்டியில் அவருக்குப் பங்கு எவ்வளவு என்பதைப் பதிப்பாளரோடு போடும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அச்சுக்குப் போகுமுன் தமிழை அவருக்கு வாசித்து, அவர் மொழியில் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். அவர் திருத்தச் சொன்ன இடத்தைத் திருத்திவிட்டு அனுப்புங்கள்.