பாமினி எழுத்துரு இருந்தும் இல்லாமல் போன கதை

கும்பகோணத்தில் சின்னதாக அச்சகம் வைத்திருக்கிறேன். ஆவணி முகூர்த்த வேலை குவிந்த நேரத்தில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கி, டிசைன் சாஃப்ட்வேரும் பழைய பத்திரிகைக் கோப்புகளும் ஏற்றினேன். திறந்தால் ‘திருமண அழைப்பிதழ்’ இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துக் குவியல். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருப்பவை. எழுத்துரு கிடைக்காவிட்டால் இப்படித்தான் ஆகும்.

ஆனால் பாமினியை அப்போதுதான் ஏற்றியிருந்தேன்! வேர்டில் அழகாக வந்தது, டிசைன் சாஃப்ட்வேரில் மட்டும் இல்லை. சாஃப்ட்வேரை இரண்டு முறை அழித்து ஏற்றியதில் மூன்று நாள் போனதுதான் மிச்சம்.

ஏமாற்றியது சி டிரைவில் உள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டர். அங்கே பாமினி தெரிந்தது. கோப்போ அங்கே இல்லை. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, சும்மா ‘இன்ஸ்டால்’ கொடுத்தால் எழுத்துரு அந்தப் பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் போகிறது. என்னுடையது பழைய சாஃப்ட்வேர், அங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

ஏற்றியதை நீக்கிவிட்டு, எழுத்துருக் கோப்புகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக், ‘இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்’. விண்டோஸ் 11-இல் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ உள்ளே ஒளிந்திருக்கலாம். சாஃப்ட்வேரை மூடித் திறந்தேன். தமிழ் வந்துவிட்டது. இப்போது எழுத்துருக்களுக்கு டி டிரைவில் தனி ஃபோல்டர் போட்டு, பென்டிரைவில் ஒரு நகலும் வைத்திருக்கிறேன்.